தாலிச் சரட்டில் சிவப்பு

கேட்காமலே உதவப் போகும் முட்டாள்களுக்குச் சங்கம் வைத்தால் தலைவர் நாற்காலி எனக்குத்தான். திருவனந்தபுரம் கரமனையில், நண்பன் மகள் கல்யாணத்துக்காகச் சற்றுமுன் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறேன். வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு விரலில் இருக்க, நேரே சமையற்கட்டுக்குள் நுழைகிறேன். நண்பன் மனைவி மஞ்சளை அரைத்துக் கரைத்து, நாளைய தாலிச் சரட்டுக்காக அதில் நூலை முக்குகிறாள்.

“நகருங்கோ மன்னி, நான் பிழியறேன்” என்று நூலைப் பிடுங்குகிறேன். தொட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு! விரலும் சிவப்பு. காயத்தைத் தேடுகிறேன், காணோம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

“ஐயோ பகவதீ! தாலி நூலிலே ரத்தமா? சம்பந்தி கண்டா கல்யாணம் முடங்குமாக்கும்!” என்று மன்னி அலறுகிறாள்.

சத்தம் கேட்டு வந்த கல்யாணப் பெண் என் விரலைப் பார்க்கிறாள். “ரத்தமில்லேம்மா, மாமா கைச் சுண்ணாம்பாக்கும்.” எலுமிச்சம்பழத்தை நறுக்கி நூலின் மேல் பிழிகிறாள். என் கண்ணெதிரே சிவப்பு ஓடி, மஞ்சள் திரும்புகிறது.

அசடு வழிய எழுந்து, “வேற ஏதாவது ஒத்தாசை பண்ணட்டுமாம்மா?” என்கிறேன்.

“ஆரத்தி கரைக்கறச்சே கூப்பிடறேன், மாமா.”