கடைசிக் கைத் தண்ணீர்

மதுரைக்கு வெளியே ஒரு மொட்டை மலை. அதைப் பழையபடி காடாக்கிவிடலாம் என்று மரக்கன்றுகள் நட்டு, ஞாயிறுதோறும் கே.கே. நகரிலிருந்து நாங்கள் சிலர் கேன்களில் தண்ணீர் சுமந்து ஏறுவோம். அடிவாரத்து ஆட்டுக்காரர் ஒருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. எங்களைப் போல கேனைக் கவிழ்த்துவிட்டு நகர மாட்டார். வேருக்கு ஊற்றிய பிறகு, கடைசியாக ஒரு கை தண்ணீரை இலைகளின் மேல் தெளிப்பார்.

"அதுக்கும் மூஞ்சி கழுவணும்ல?" என்பார்.

பங்குனியில் மலை எரிந்தது. அடுத்த ஞாயிறு தண்ணீரோடு ஏறிப் பார்த்தால், நாங்கள் நட்ட உசிலையும் ஆத்தியும் கரிக்குச்சிகளாக நின்றன.

"எந்தப் பாவிண்ணே தீ வச்சது?" என்று அவரிடம் கத்தினேன்.

"நாந்தேன் தம்பி" என்றார். "காஞ்ச புல்ல எரிச்சாத்தேன் மழைக்குப் புதுப்புல்லு வரும். இல்லேன்னா ஆட்டுக்கு எங்க போறது? வருசா வருசம் அந்தப் பக்கந்தேன் வைப்போம். இந்தத் தடவ காத்து திரும்பிருச்சு."

அவர் தன் கேனைத் தூக்கிப்போய் ஒரு கரிக்குச்சியின் அடியில் ஊற்றினார். பிறகு வழக்கம்போல ஒரு கை அள்ளி, இலைகள் இருந்த உயரத்தில் தெளித்தார்.