மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

டொராண்டோவில் என் அலுவலக அறையில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆளில்லை என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். இருட்டில் கையை வீசி, நான் இருக்கிறேனப்பா என்று காட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான். வாடகைக்கு விடும் பெரிய கட்டடங்களில் மின்சாரத்தையும் குப்பையையும் குறைக்கும் சஸ்டெய்னபிலிட்டி பிரிவுக்கு நான் தலைவி. பெயர்தான் பெரிது. பாதி நாள் கெஞ்சுவதே வேலை.

போன வருடம் தம்பி சேகர் கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு விட ஒரு காம்ப்ளெக்ஸ் கட்டத் தொடங்கினான். களமருதூரில் இருந்த நிலத்தை விற்று முழுவதையும் அதில் போட்டிருந்தான். பிளானை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். மேற்குப் பக்கம் அடியிலிருந்து உச்சிவரை கண்ணாடி. நம்மூர் வெயிலுக்கு! சுவர் எழுப்பு, ஜன்னலைச் சின்னதாக வை என்று போனில் கத்தினேன்.

“கண்ணாடி இல்லன்னா பேங்க்கு வராதுக்கா. மாடியிலருந்து கல்வராயன் மல தெரியணுமாம். அவங்க வரலன்னா நான் இன்னா பண்றது? நெலமும் பூடுச்சி,” என்றான். “நீ அனுப்புன உங்க ஆபீசு போட்டோவத்தான் இன்ஜினியர்கிட்ட காட்டுனேன். அது மட்டும் இன்னாவாம்?”

அதே வாரம்தான் இங்கே ஒரு கட்டடத்தில் கண்ணாடியைக் குறைக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஏரி தெரியாவிட்டால் வாடகைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் மேலாளர் லிண்டா. தலையாட்டிவிட்டு வந்தேன். தம்பியிடம் பேசிய மறுநாள் ஆற்றாமையோடு அவரிடம் அவன் கதையைச் சொன்னால், உன் குடும்பமும் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டதா, வாழ்த்துகள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? எனக்கு அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு தம்பியிடம் கண்ணாடி பற்றிப் பேசவில்லை.

சித்திரையில் திறப்பு விழாவுக்குப் போனேன். பேங்க் வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் தம்பி வாய்விட்டுச் சிரித்தான். “குளுகுளுன்னு இருக்குதாக்கா? உங்க ஊரு மாதிரி?” என்றான். ஏசியில் உண்மையிலேயே குளிர்ந்தது. அவன் பிழைத்துக்கொண்டான் என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

சாயங்காலம் வெளியே வந்தேன். எதிர்வாடையில் பூ விற்கும் அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஈரச்சாக்கால் மல்லிகையை மூடிக்கொண்டிருந்தார். நம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் முழுக்க அவர் முகத்தில் அடித்தது.

“முன்னல்லாம் இந்நேரத்துக்கு இங்க நெழலு வந்துடும். இப்ப பூவு வதங்கிப் பூடுது. நீ அவரு அக்காதானம்மா? ஃபாரின்ல இன்னா வேல பாக்குற?”

“கட்டடத்துல சூடு ஏறாம பாத்துக்கற வேலைங்க.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நல்ல வேலதான்,” என்று கூடையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“வெயில்ல நின்னுகினு இன்னாக்கா பண்ற, உள்ள வா,” என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தம்பி கூப்பிட்டான். கண்ணாடியில் கல்வராயன் மலை தெரிந்தது. அதற்கு முன்னால் அந்த அம்மாவும் நானும். உள்ளே போக மனமில்லை. அங்கேயே நிற்கவும் முடியவில்லை, கண் கூசியது.