நோரா ஊற்றும் மழை

தண்ணீர்க் கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நோரா காற்றுக்காகக் காத்திருக்கிறார். இன்னொரு கையில் காய்ந்த தைலமர இலை ஒன்று. அதை நழுவவிட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார். பிறகு காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய் நின்று, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் தார்ப்பாயின் மேல் தண்ணீரை வீசி ஊற்றுகிறார். அடியில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் அலறி எழுகிறார்கள்.

"இன்னா மேன், இதுக்கே எகிறுற? இது பாதிக் கேன். மலைல மழை கேன்ல வராது."

முதல் தடவை எல்லோருக்கும் பாதிக் கேன்தான். முழுக் கேன் வேண்டுமென்றால் அதற்குத் தகுதி வேண்டும். "பாதிக்கே உள்ள பாத்ரூம் மாதிரி ஆயிடுது. இவங்களுக்கு ஃபுல் கேன் ஊத்துனா தண்ணிதான் வேஸ்ட்டு" என்பது அவர் கணக்கு. இந்த ஒரு வருடத்தில் அவர் முழுக் கேன் ஊற்றியது இரண்டே இரண்டு கூட்டத்துக்கு.

பெங்களூருக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய தைலமரத் தோப்பு. மலையேற்றம் போகிறவர்களைக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு நிறுவனம் இங்கே அழைத்து வருகிறது. காட்டில் வழி தவறி மழையில் மாட்டிக்கொண்டால், ஒரு தார்ப்பாயையும் கொஞ்சம் கயிற்றையும் வைத்து அரை மணி நேரத்துக்குள் தலைக்கு மேல் ஒரு மறைப்பு கட்டத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது நோராவின் வேலை. சொல்லிக்கொடுப்பது என்று மரியாதைக்கு எழுதுகிறேன். அவர் திட்டுவார்.

தலைக்கு மேலே பட்டுப்போன கிளை தொங்கும் மரத்தடியைத் தேர்ந்தெடுத்தால் திட்டுவார். தரை சமமாக இருக்கிறதே என்று பள்ளத்தில் கட்டினால் திட்டுவார். ஆனால் அவருக்கு ரத்தம் தலைக்கேறுவது ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டால்தான். ஏரியின் அழகு தெரியட்டும் என்று திறந்த பக்கத்தை ஏரி நோக்கி வைத்துவிடுவார்கள். காற்றும் சாரலும் வருவதே ஏரிப் பக்கமிருந்துதான். ஏன் இப்படி வைத்தாய் என்று கேட்டால், "வியூ நல்லா இருக்கு மேம்" என்பார்கள்.

"வியூ வேணும்னா ரிசார்ட்டுக்குப் போ மேன். இங்க மழை உன் மூஞ்சிய வியூ பாக்கும்."

நாற்பத்தொன்பது வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை. வீடு அல்சூரில். வாரத்தில் ஆறு நாள் ஹெப்பகோடியில் தார்ப்பாய் செய்யும் ஆலையில் மேற்பார்வை வேலை. தார்ப்பாயின் ஓரங்களில் கயிறு கோப்பதற்காக உலோக வளையம் வைத்த ஓட்டைகள் இருக்குமே, அந்த ஓட்டை போடும் பிரிவு அவருடையது. ஏழாவது நாள் இந்தத் தோப்பு. அதனால் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விடுகிறார். "ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு. கோச்சிக்கினா நானும் அவரைக் கேக்க வேண்டியது இருக்கு" என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் தணிவதில்லை.

கேட்க வேண்டியது இதுதான். இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஜூலையில் அவருடைய தம்பி டிரேவர், அலுவலக நண்பர்கள் எட்டுப் பேரோடு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குப் போனான். தாயில்லாத பிள்ளையை ஐந்து வயதிலிருந்து வளர்த்தவர் நோரா. அவன் பையில் ஆலையிலிருந்து வாங்கி வந்த புதுத் தார்ப்பாயை மடித்து வைத்தவரும் அவரே. மதியம் மழை பிடித்துக்கொண்டது. வழி தெரியவில்லை. ஊர்க்காரர்கள் தேடி வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்த ஐந்து மணி நேரமும் தார்ப்பாய் விரிந்துதான் இருந்தது. எதன் மேல்? பைகளின் மேல். ஒன்பது பைகளை ஒழுங்காக அடுக்கி, தார்ப்பாயால் இறுக்கப் போர்த்திவிட்டு, ஒன்பது மனிதர்கள் மழையில் நின்றார்கள். எட்டுப் பேர் நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தார்கள். டிரேவர் வரவில்லை.

"நனைஞ்சி ஒடம்பு ஜில்லிட்டு, கோல்டுல செத்துட்டான்னு டாக்டர் சொன்னாரு. கர்நாடகால கோல்டுல யாராவது சாவாங்களான்னு சாவு வீட்ல ஒர்த்தன் என்னாண்டயே கேக்கறான். கேட்டுட்டு டீ குடிக்கிறான்."

அந்த ஆள் மீது நோராவுக்குக் கோபம். அந்த எட்டுப் பேர் மீதும் கோபம். ஆனால் எல்லாக் கோபத்துக்கும் அடியில் ஒரு பெரிய நெருப்பு இருக்கிறது, அது அவரையே எரிக்கிறது. "இருவது வருஷமா அந்த ஓட்டை போடறேன். லாரிக்குன்னு நெனச்சிகினு இருந்தேன். புள்ளைக்கு மடிச்சிக் குடுத்தேன், கட்டக் கத்துக் குடுக்கல. எனக்கே தெரிஞ்சாதானே?"

துக்க வீட்டின் ஈரம் காயும் முன்பே மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டினார். தார்ப்பாயைப் போட்டார், பக்கெட்டால் ஊற்றினார், அடியில் போய் உட்கார்ந்து பார்த்தார். நனைந்தார். பிரித்துவிட்டு மறுபடி கட்டினார். மூன்று மாதம். அக்கம்பக்கத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்த மூன்று மாதத்தில் கண்டுபிடித்ததுதான், கயிற்றில் கட்டும் துண்டு நூல். மழைநீர் கயிறு வழியாக ஊர்ந்து உள்ளே வரும். தார்ப்பாய் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால், தண்ணீர் அந்த நூல் வழியே வெளியில் சொட்டிவிடும். இவ்வளவு சின்ன விஷயம். ஒரு முழ நூல்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர். தலைமை தாரணி, நாற்பதைத் தொட்ட பெண். வரும் சனிக்கிழமை மலைக்குப் போகிறார்கள். இது ஜூலை. நோரா கையெழுத்துப் போட்டால்தான் நிறுவனம் கூட்டிப்போகும், அது அங்கே விதி. முதல் மறைப்பில் இருந்தவர்களைப் பாதிக் கேனால் எழுப்பிவிட்டு, தாரணியின் பெரிய மறைப்புக்கு வந்தார். திறப்பு, வழக்கம்போல ஏரியைப் பார்த்து. ஊற்றினார். அப்புறம் குனிந்து உள்ளே பார்த்தார்.

நடுவில், துளி நீர் படாத இடத்தில், பைகள் அடுக்கியிருந்தன. சுற்றி விளிம்பில் மனிதர்கள். தாரணியின் முதுகில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நோரா திட்டவில்லை. அவரைப் பற்றி எழுதுவதற்காகச் சில ஞாயிறுகளாக இங்கே வந்துபோகிறேன்; அவர் திட்டாமலிருந்து நான் பார்த்தது அன்றுதான். முகம் மட்டும் கறுத்தது.

நிறுவனத்தின் பொறுப்பாளர் அபினவ் காகிதத்தோடு வந்தான். "ஆன்ட்டி, சைன் மட்டும் போட்டுடுங்க. பஸ் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. சாட்டர்டே கெளம்பறாங்க."

"யாரு கெளம்பறாங்க? பைங்களா?"

"ஃபோர்காஸ்ட்ல மழையே இல்ல ஆன்ட்டி."

"அன்னிக்கும் இல்ல."

கேனைக் கீழே வைத்தார். உள்ளே புகுந்து ஒவ்வொரு பையாக இழுத்துச் சேற்றில் எறிந்தார். தேஜஸ் என்பவர் பதறி எழுந்தார். "மேம், மேம், அதுல லேப்டாப் இருக்கு."

நோராவின் கை பையின் வாரில் நின்றது.

"எந்தம்பி கூடப் போனவங்க லேப்டாப் ஒண்ணுகூட நனையல மேன். எல்லாம் நல்லா இருக்கு. இப்பவும் அதுலதான் வேலை செய்றாங்க. அவன்தான் நனைஞ்சிட்டான்."

பையை எறிந்தார். அபினவின் முகம் சிவந்தது.

"கஸ்டமர்ஸ்கிட்ட இப்படிப் பண்ணா எப்டி? அடுத்த வாரத்துலேந்து நீங்க வர வேணாம் ஆன்ட்டி. நான் வேற ஆள் பாத்துக்கறேன். அவரு சைன் போடுவாரு."

"போடுவான். போடட்டும். மழை வந்தா அவன் கையெழுத்த விரிச்சி மேல போத்திக்கச் சொல்லு."

காகிதத்தை அவன் கையிலேயே திணித்துவிட்டு, தன் கயிறுகளைச் சுற்ற ஆரம்பித்தார். இந்த வேலையும் போனால் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வார் இந்தப் பெண்? வீட்டில் தம்பியின் காலிக் கட்டிலுக்கு எதிரே எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார்?

பின்னால் ஏதோ சேற்றில் விழும் சத்தம். நோரா திரும்பினார். எறியாமல் மிஞ்சியிருந்த ஒரே பை தாரணியுடையது. அதை அவளே வெளியில் போட்டிருந்தாள். போட்டுவிட்டு, ஏரிப் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"தேஜஸ், அந்த முனையைப் பிடி. தாழ்த்திக் கட்டணும். தொறப்பு அந்தப் பக்கம்."

"தாரணி மேம், பஸ்..." என்றான் அபினவ்.

"பஸ்ஸுக்கு என்ன? சாட்டர்டேக்கு இன்னும் நாள் இருக்கு. நாங்க நனையாம உக்காந்ததும் பேசலாம். நோரா மேம்தான் சைன் போடணும். வேற யாரு போட்டாலும் எங்க டீம் வராது."

நோரா அபினவைப் பார்க்கவில்லை. தாரணியைப் பார்த்தார், நன்றியோடு அல்ல.

"நூல் எங்க? கயித்துல நூல் எங்கம்மா? எத்தினி தரம் சொன்னேன். காது இன்னா, அதுவும் லேப்டாப் பைக்குள்ள இருக்கா?"

தாரணி துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, அந்தக் கிழிசலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். பன்னிரண்டு பேரும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பைகள் சேற்றில் கிடந்தன.

நோரா காலிக் கேனை எடுத்துக்கொண்டு தோப்பின் ஓரத்திலிருந்த அடிபம்புக்குப் போனார். பாதி நிறைந்ததும் அவர் கை நிற்கவில்லை. கேனின் கழுத்து வரை தண்ணீர் வரும்வரை அடித்தார். பிறகு அதை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நடந்தார்.