மல்லிகாவின் கணினி வழியாக

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போதே மல்லிகாவின் கணவர் அழைத்தார். "மல்லிகா போயிட்டா சார்" என்றார். 

நெய்வேலியில் சுரங்கத்து ஸ்டோர்ஸ் அலுவலகத்தில் மல்லிகாவோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பிரின்டர் நினைவிருக்கும். இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் மல்லிகாவின் மேசையில். ஒரு தாள் எடுக்க ஆளாளுக்குப் பென்டிரைவோடு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்போம். ஒருநாள் பொறுமை போய்விட்டது அவருக்கு. "இன்னாத்துக்குங்க இதைத் தூக்கிக்கினு சுத்துறீங்க? அவங்கவங்க சீட்லயே உக்காந்துகினு அனுப்புங்க, வந்துரும்" என்று பிரின்டரை எங்கள் எல்லாருடைய கணினிக்கும் நெட்வொர்க்கில் திறந்துவிட்டார். ஒரே நிபந்தனைதான். "என் மிஷினை மட்டும் அணைச்சிடாதீங்க. எல்லாம் அது வழியாத்தான் வரணும்." அவர் சொந்த ஊரான முத்தாண்டிக்குப்பத்து அதிகாரம் அது, மேலாளரே அடங்கிப்போவார்.

புதுச்சேரிக்கு வைத்தியத்துக்குப் போனபோதும் கணினியை அணைக்காமல்தான் போனார். நலம் விசாரிக்க அழைத்தால் அவர் பிரின்டரை விசாரிப்பார். "காலையிலேர்ந்து பிரின்ட் வரலீங்க" என்றேன் ஒருநாள். "தூங்கிக்கினு இருக்கும். மௌஸைக் கொஞ்சம் ஆட்டி விடுங்க." ஆட்டினேன், வந்தது. சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. படுக்கையில் இருந்துகொண்டே அவர் எங்களுக்குச் சரிசெய்து கொடுத்தார். இங்கிருந்து அவருக்குச் செய்ய எங்களிடம் ஒன்றுமே இல்லை. ரத்தம் கொடுக்கப் போனோம். அதுவும் இப்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் கணவர் அழைத்த அன்று காலை, வழக்கப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்ட இரங்கல் தாளைத் தட்டச்சு செய்து, பழக்கத்தில் அவர் பிரின்டருக்கே அனுப்பினேன். வரவில்லை. முந்தின இரவு மின்சாரம் போய் வந்திருந்தது. அவர் கணினி முழுதாகத் திறக்காமல், தொடக்கத்திலேயே கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும், மௌஸைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து மேசை ரமேஷ் தோளைத் தொட்டார். "விடுங்கண்ணே. கேபிளைக் கழட்டி என் மிஷின்ல நேரா மாட்டிடலாம்." அவர்தான் கழற்றினார். என்னால் பார்க்க முடியவில்லை. தாள் வந்தது, கறுப்புக் கட்டத்துக்குள் மல்லிகாவின் பெயரோடு.

இப்போது புதுப் பிரின்டர் வந்துவிட்டது. யார் கணினியும் அதற்கு வேண்டாம், நேரே நெட்வொர்க்கில் நிற்கிறது. என் திரையின் பிரின்டர் பட்டியலில் 'மல்லிகா' என்ற பழைய பிரின்டரும் இருக்கிறது. நான் முதலில் அனுப்பிய இரங்கல் தாள் அதன் வரிசையில் இன்னும் காத்திருக்கிறது. நீக்கிவிடச் சொல்கிறார் ரமேஷ். மல்லிகாவிடம் போக என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு வழிதான். போய்ச் சேராது என்று தெரியும். இருக்கட்டும்.