பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கு

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் காமயகவுண்டன்பட்டியில் தனி ஆளாகத் தண்ணீருக்குப் போர் போட்டு, திராட்சைத் தோட்டமும் மாடி வீடும் உண்டாக்கினேன். வீட்டில் இப்போது நான் மட்டும்தான். வெளிநாட்டு மகள், ஞாயிறுதோறும் பேச இயர்பட்ஸ் வாங்கித் தந்தாள்.

ஒரு ஞாயிறு அதன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் ரூமில் சிவப்பு எரிந்தால் கரண்டு இருக்கிறதென்று அர்த்தம். அப்படியே நினைத்துக் காதில் மாட்டி, போனை உள்ளே வைத்துவிட்டு வாசலில் பேசினேன். போர் போட்ட கதையைச் சொல்லும்போது அவள் குரல் நின்றது. சலித்துப்போய் வைத்துவிட்டாள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ராவுத்தர் ஓடி வந்தார். "அண்ணே, உசுரோடதான இருக்கீக? பேச்சு பாதியில நின்னுபோச்சுன்னு புள்ள எனக்குப் போன் போட்டு அங்கன அழுகுது!"

அப்புறம்தான் கண்டுபிடித்தேன், அந்தச் சிவப்பு சார்ஜ் தீர்ந்ததற்கான அடையாளம். இப்போதெல்லாம் சனிக்கிழமையே சார்ஜ் போட்டு, பச்சை வந்த பிறகே எடுக்கிறேன். மகள் உங்கள் பத்திரிகை படிப்பவள். இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பெயரோடு போடுங்கள்.