நாண் நிற்கும் இடம்

செய்தி வந்தபோது நான் மிசிசாகாவில் ஒரு அளவுக் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை அதுதான். தொழிற்சாலைகளில் பாவிக்கும் கருவிகள் சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் திருத்திக் கொடுப்பது. மேற்பார்வையாளர் வந்து, தொலைபேசியில் மருத்துவமனை என்றார். என் மனைவி சுகிர்தா வேலைத்தலத்தில் தையல் மெசினுக்கு முன்னால் சரிந்து விழுந்துவிட்டாள், தலைக்குள் இரத்தக் குழாய் ஒன்று வெடித்திருக்கிறது, உடனே வரவேண்டும். நான் அதுவரை எடுத்த அளவை எழுதினேன். கருவியை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினேன். பிறகுதான் புறப்பட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்காபரோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை. புரட்டாதி மாதம். மான் வேட்டைப் பருவம் இன்னும் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடித்த மலரில் அவளுடைய படம் இருந்தது, தேவாரம் இருந்தது, பிறந்த ஊரும் படித்த பள்ளிக்கூடமும் இருந்தன. மானைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் புனிதம் அன்ரிதான் மலர் வேலையைப் பார்த்தவர். "உதுகளை ஏன் தம்பி போடுவான்? சனம் என்ன நினைக்கும்?" என்றார். அன்றைக்கு வாதாட என்னிடம் வாய் இருக்கவில்லை. ஆகவே அவளை அறிந்த உங்களுக்கு இப்போது எழுதுகிறேன். சுகிர்தா வில்லோடு மரத்தில் ஏறியிருந்து மான் வேட்டையாடியவள். உங்களில் பாதிப்பேருக்கு இது தெரியும். தெரிந்தவர்களில் பாதிப்பேர் இறைச்சி எப்போது வரும் என்று கேட்டவர்கள்.

தொடங்கி வைத்தவள் லின்டா. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பக்ரறியில் இருவருக்கும் அடுத்தடுத்த மெசின், ஏறக்குறைய ஒரே வயது. லின்டாவின் தமையனுக்குப் பீற்றர்பரோ பக்கம் ஒரு பண்ணை. அதன் பின்னால் மேப்பிளும் சீடரும் கலந்த காடு. ஒரு சனிக்கிழமை சும்மா பார்க்கப் போன சுகிர்தா, பொழுதுபட வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நான் மான் பாத்தனான்."

"மிருகக்காட்சிச் சாலையிலை நானும் பாத்திருக்கிறன்."

"அது எங்களைப் பாக்கிற மான். நான் பாத்தது, ஒருத்தரும் தன்னைப் பாக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு நிண்ட மான். நான் மரத்துக்கு மேலை. அது கீழை நிண்டு தன்ரை பாட்டிலை காதை ஆட்டுது. மூச்சு விடுறது கேட்டது."

"உமக்கென்ன விசரே?"

"ஓம்," என்றாள். "ஓம், விசர்தான்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் இரவல் புத்தகத்தை வைத்துப் படித்து வேட்டை அனுமதிச் சோதனை எழுதினாள். வில்லை இழுக்கக் கையில் பலம் போதவில்லை. குசினிக் கதவின் கைபிடியில் ஒரு ரப்பர்க் குழாயைக் கட்டி, சோறு வேகும் நேரத்தில் இழுத்துப் பழகினாள். அதைக் கண்ட புனிதம் அன்ரி என்னிடம் திரும்பி, "தம்பி, இவள் உமக்கு அடிக்கத்தான் பழகுறாள் போலை," என்றார். "இல்லை அன்ரி, அவருக்கு இவ்வளவு தேவையில்லை," என்று சுகிர்தா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

பழைய வில் ஒன்றை வாங்க நானும் கூடப் போனேன். இரண்டு நுனியிலும் கப்பி பூட்டிய வில். கடைக்காரர் அவளுடைய கைகளை விரிக்கச் சொல்லி அளந்தார். அந்த அளவுக்கு நாண் எவ்வளவு தூரம் பின்னால் வரவேண்டுமோ அதைக் கப்பியில் பூட்டினார். இந்த வகை வில்லில் நாண் குறித்த இடத்துக்கு வந்ததும் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். அதற்குமேல் ஒரு நூலளவும் வராது. சுகிர்தாவுக்கு அது வலது கடைவாயோடு வந்து நின்றது. எத்தனை தரம் இழுத்தாலும் அதே இடம். என் தொழிலுக்கு இப்படிப்பட்ட ஒழுங்கு பிடிக்கும். கடையிலேயே மூன்று நான்கு தரம் இழுக்கச் சொல்லிப் பார்த்தேன். "போதும், கடைக்காரன் சிரிக்கிறான்," என்றாள்.

மூக்கைப் பற்றி அவள் சொல்லாதவர்கள் இருக்கமாட்டார்கள். வெள்ளை வால் மானுக்கு எல்லாமே மூக்குத்தான் என்பாள். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் மீன் பொரிப்பது நின்றுவிடும். தாளிதம் இல்லை, சாம்பிராணி இல்லை, அவள் தலைக்கு எண்ணெய் இல்லை. வேட்டை உடுப்பை அப்பச்சோடாவில் அலசிப் பால்கனியில் உலர்த்தி, மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சீடர்க் கொப்புகளோடு வைப்பாள். சனிக்கிழமை விடிய முதல் அந்தப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், காட்டு ஓரத்தில்தான் உடுப்பு மாற்றுவாள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பாணும் பட்டரும்தான். என் நண்பன் ஒருவன் தட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, மானுக்கு வைக்கிறதை எங்களுக்கும் வைச்சிட்டியளோ?" என்றான். "மான் உதைத் தின்னாது," என்றாள் அவள்.

இரண்டாம் ஆண்டு ஒரு பெண் மானை எய்தாள். அம்பு போன இடம் சரி. மான் சிறிது தூரம் ஓடி விழுந்தது. அன்று இரவு என்ன நடந்தது என்று கேட்டேன். வேட்டைக் கதை சொல்வாள் என்று பார்த்தால், தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்திலை கை வைச்சனான். இவ்வளவு சூடா இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை."

அதற்குப் பிறகு அந்த இறைச்சியில் ஒரு துண்டும் வீணாக அவள் விடவில்லை. கட்டடத்தில் எல்லோருக்கும் பங்கு போனது. மரத்தில் ஏறும் பெண்ணைப் பற்றி ஊரெல்லாம் கவலைப்பட்ட புனிதம் அன்ரி, அது கந்த சஷ்டி விரத நாள் என்பதால் தன் பங்கைப் பக்குவமாகப் பிறீசரில் வைத்து, விரதம் முடிந்த மறுநாள் தொலைபேசியில் கேட்டார்: "பிள்ளை, இன்னுங் கொஞ்சம் இருக்கே?"

ஆனால் அவள் காத்திருந்தது வேறொருவருக்காக. அந்தக் காட்டில் ஒரு முதிர்ந்த கொம்பன் மான் இருந்தது. அதை அவள் 'பெரியவர்' என்றுதான் சொல்வாள். அவர் வந்தவர், அவர் போயிட்டார் என்று மரியாதை குறையாமல் பேசுவாள். முதல் வருடம் எட்டாத தூரத்தில் கண்டாள். அடுத்த வருடம் மரங்களுக்குப் பின்னால் ஒரு கொம்பும் ஒரு கண்ணும். "இளசுகள் கண்ணை நம்பி வருங்கள். இவர் அப்பிடியில்லை. காட்டைச் சுத்தி, காத்து எங்களிலை பட்டு வாற பக்கமாய் வந்து, மூக்காலை ஒருக்கால் கேட்டுப்போட்டுத்தான் கால் வைப்பார்." காற்றைப் பார்க்க, வில்லின் நுனியில் பக்ரறித் தையல் நூல் ஒன்றைக் கட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்ததும் அவளுடைய முதல் கேள்வி, "நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்பதாக இருக்கும்.

மூன்றாம் வருடக் கார்த்திகையில் பெரியவர் வந்தார். அவளுடைய மரத்துக்குக் கீழே, கல்லெறி தூரம்கூட இல்லை. கழுத்து மரக்குற்றி போல, முதுகு சற்றுத் தொய்ந்து, கொம்பு முழுக்கச் சீடர் உரசிய சிவப்பு. அவள் வில்லை இழுத்தாள். அவர் முன்னங்காலை முன்னுக்கு வைக்காமல் நெஞ்சை மறைத்துக்கொண்டு நின்றார். அவள் பிடித்தபடி நின்றாள். தோள் நடுங்கத் தொடங்கியும் பிடித்தபடி நின்றாள். அவர் புல்லில் தலையைக் குனிந்த நேரம் பார்த்து, நாணைச் சத்தமில்லாமல் முன்னுக்கு விட்டாள். அவர் நடந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்து, அடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்படி ஒரு வெளிச்சம். கதையைக் கேட்டதும் எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

"விட்டிருக்கலாமே. எத்தினை நாள் குளிருக்கை காத்திருந்தனீர்."

"சந்தேகமா இருந்தால் விடுறேல்லை."

"சந்தேகம் சின்னன்தானே?"

"அவர் எத்தினை வருசம், எத்தினை பேரிட்டைத் தப்பி வந்தவர். என்ரை சின்னச் சந்தேகத்திலையே சாகிறது?"

கருவி ஒன்று ஐயத்துக்கிடமாக இருந்தால் அதற்குச் சான்றிதழ் கொடுக்கக்கூடாது என்று எங்கள் தொழிலிலும் உண்டு. பல வருடம் அதைச் சொல்லிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். தோள் நடுங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்கிறவளை நான் கலியாணம் கட்டியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

செத்தவீடு முடிந்து நான் திரும்பி வந்தபோது வீடு எலுமிச்சைச் சவர்க்கார வாசனை அடித்தது. முறைப்படி வீடு கழுவியிருந்தார்கள். புனிதம் அன்ரியும் இன்னும் சிலரும் என் மீதுள்ள அன்பினால் அவளுடைய உடுப்புகள், தலையணை உறை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் பேஸ்மென்ற் லோன்றியில் போட்டுத் துவைத்தெடுத்து, உடுப்புகளைக் கொடுக்கவேண்டிய இடத்துக்குக் கொடுத்தும் விட்டார்கள். "கண்ணிலை பட்டால் உமக்குத்தான் கரைச்சல்," என்றார் அன்ரி. நான் தலையாட்டினேன். அன்று இரவு தலையணையில் முகத்தை வைத்தபோதுதான் எது போய்விட்டது என்று விளங்கியது. அலுமாரியைத் திறந்து மணந்து பார்த்தேன். குளிர் அங்கிகளுக்குள் தேடினேன். சீப்பைக்கூடக் கழுவியிருந்தார்கள்.

அப்போது பால்கனிப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதை யாரும் தொடவில்லை. அவள் மிகவும் விரும்பிப் போட்ட உடுப்பு அதற்குள்ளே இருந்தது. பக்குவமாக மூடியைத் திறந்து, மேல் அங்கியை எடுத்து முகத்தில் வைத்தேன். சீடர் மணத்தது. வேறெதுவும் இல்லை. தன் வாசனை ஒரு துளியும் இல்லாமல் அவளே கழுவி வைத்திருந்தாள். அவ்வளவு திறமாகச் செய்திருந்தாள். நான் அந்த அங்கியை மடியில் வைத்துக்கொண்டு பால்கனிக் குளிரில் இருந்தேன். அழுகை வரவில்லை.

கார்த்திகையில் லின்டா தொலைபேசியில் கூப்பிட்டாள். சுகிர்தா மரத்தில் பூட்டியிருந்த இருக்கையைப் பெரும் பனிக்கு முன் கழற்றவேண்டும், நீ வருகிறாயா, நானே கழற்றட்டுமா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். பண்ணைக்குப் போனதும் அவள் காட்டுப்பாதை வரை கூட வந்து, மரத்தைக் காட்டி, விழாமல் இருக்க இடுப்புப் பட்டியைக் கட்டிவிட்டாள். "கழற்ற முதல் கொஞ்ச நேரம் இருந்து பார். நான் வீட்டில் நிற்கிறேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் கழிந்த நேரம். மரத்தில் திருகிய இரும்புப் படிகளைப் பிடித்து ஏறி, அவள் இருந்த இடத்தில் இருந்தேன். இலை உதிர்ந்த காடு. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அணில், சிறு குருவிகள், தூரத்தில் பண்ணை நாய். அதற்குப் பிறகு, சத்தம் ஏதும் இல்லாமல், அவர் அங்கே நின்றார்.

அவள் சொன்னதெல்லாம் குறைவு. சீடர்களுக்கு இடையில் இருந்து காடே ஒரு அடி எடுத்து வைத்தது போல இருந்தது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. ஒரு கால் வைப்பார், நிற்பார், காதைத் திருப்புவார். செய்தி வந்த நாளிலிருந்து எனக்குள் மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அந்தக் கால்களோடு சேர்ந்து அசைந்தது. அவர் மரத்தடிக்கே வந்தார். கழுத்தை நீட்டிக் கீழ்ப்படியை முகர்ந்தார்.

கையுறை போட மறந்து, வெறுங்கையால் பிடித்து ஏறியிருந்தேன்.

முன்னங்காலால் நிலத்தை ஒரு தரம் உதைத்தார். மூக்கால் வெடிபோல ஒரு சத்தம். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டு பாய்ச்சலில் மறைந்துவிட்டார். ஒரு பின்னேரத்துக்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று பருவம் அதே மரத்தில் இருந்த சுகிர்தாவை அவர் ஒரு நாளும் கண்டுபிடிக்கவில்லை. மரத்தின் மேல் இருந்து நான் சத்தமாகச் சிரித்தேன். சிரிப்போடு, அன்று பால்கனியில் வராததும் வந்தது. லின்டா பார்க்க வரும்வரை நிற்கவில்லை.

இருக்கையைக் கழற்றிக் காரில் ஏற்றும்போது லின்டா வில்லைப் பற்றிக் கேட்டாள். கப்பியை மாற்றிப் பூட்டினால் அது என் கைக்குப் பொருந்தும், சின்ன வேலை என்றாள். எனக்கும் தெரியும். அதற்கான திருகுசாவி என் கருவிப் பெட்டியிலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வில்லை உறையிலிருந்து எடுத்தேன். நுனியில் அந்த நூல் அப்படியே இருந்தது. இடது கையை நீட்டி நாணை இழுத்தேன். பாரமாக வந்து, பிறகு இலேசாகி, நின்றது. என் கைகள் அவளுடையதைவிட நீளம். நாண் என் முகம் வரை வரவில்லை. நடுவழியில், வெறும் காற்றில் நின்றது. இன்னும் இழுத்துப் பார்த்தேன். ஒரு நூலளவும் வரவில்லை.

அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கடையில் நானே நின்று திரும்பத் திரும்பப் பார்த்த இடம், அவளுடைய வலது கடைவாய். வில்லுக்கும் எனக்கும் நடுவில், என் இரண்டு கைகளுக்குள்ளே, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எங்கே முகம் இருக்குமோ அங்கேதான் நாண் நின்றது. தோள் நடுங்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அம்பில்லாத வில்லின் நாணைச் சட்டென்று விடக்கூடாது என்று அவள் சொல்லித் தந்திருந்தாள். ஆகவே மெதுவாக முன்னுக்கு விட்டேன்.

உடுப்பு போகட்டும். வில்லை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன், என் கைக்குத் திருத்தவும் மாட்டேன். நாணுக்கும் எனக்கும் இடையில் ஒரு முகம் அளவு இடம் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.