கால் பங்கு காலியிடம்

என் லேப்டாப்பின் வேகத்தைக் காப்பாற்றப் போய் அப்பாவின் முறையைத் தொலைத்தவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோரும் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் பங்குக்கு நானும் ஒரு தடவை சொல்லிவைக்கிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்கிற ஊரில் எங்கள் வீடு. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஏரியில் இறால் பிடிக்கிறவர். எனக்கு மீன் வெட்டக்கூட வராது. வீடியோ வெட்டத்தான் வரும். மீஞ்சூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் கேமராவுக்குக் குறுக்கே வந்து நிற்கும் தாய்மாமன்களைத் தடம் தெரியாமல் நீக்குவதில் எனக்கு நல்ல பெயர்.

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பெல்லாம் பட்டனை அமுக்கிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வருவேன். இப்போது அடுப்பைப் பற்றவைப்பதற்குள் லேப்டாப் தயாராகி நின்றது. அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. மறுபடியும் டீ குடிக்க நேரம் கிடைக்க ஆரம்பித்துவிட்டது.

காரணத்தைத் தேடிப் படித்துப் பார்த்ததில், குற்றவாளி நானே. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லாவற்றையும் விளிம்புவரை திணித்து வைத்திருந்தேன். எவனோ ஒருவன் யூடியூபில் சொன்னான் என்று ட்ரிம் என்கிற துப்புரவு வசதியை அணைத்திருந்தேன். இன்னொருவன் சொன்னான் என்று சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கை வாராவாரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய டிஸ்க்குக்கு அது மருந்து. இதற்கு வெறும் தேய்மானம். ஒரு வருஷமாக மருந்து என்று நினைத்து விஷத்தைக் கொடுத்திருக்கிறேன்.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவன் சும்மா இருப்பானா? வாசலில் வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த நைனாவைப் பிடித்துக்கொண்டேன். எஸ்.எஸ்.டி.க்குள்ளே சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, ஒரே அறையில் திரும்பத் திரும்ப எழுதினால் அது சீக்கிரம் செத்துவிடும், அதனால் எல்லா அறைகளுக்கும் முறை வைத்து எழுதுகிறார்கள் என்று விளக்கினேன்.

நைனா ஊசியை நிறுத்தினார். "நம்ம பாடு மாதிரின்னு சொல்லு."

அப்படித்தான். பாடு என்பது எங்கள் ஏரியின் முறை. இறால் அதிகம் வருகிற இடத்தை ஒருவனே வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்று, இந்த முறையில் சேர்ந்த குடும்பங்கள் தலைவர் முன்னால் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு நாளாக அங்கே வலை கட்டுவார்கள்.

"அப்ப அதுக்குள்ள தலைவர் ஒருத்தர் இருக்கணுமே?"

"இருக்காரு நைனா. கன்ட்ரோலர்னு பேரு."

"அவருக்கும் வெத்தலைப் பாக்கு வெக்கணுமா?"

கிண்டலைக் கண்டுகொள்ளாமல், கால் பங்கு இடத்தை எப்போதும் காலியாக விட வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"காலியா வுட்டு இன்னா பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். காலியா இருந்தாத்தான் வேகம்."

நைனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தார். படிக்காதவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நான் உள்ளே போனேன்.

பாடு முறைச் சீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குடத்திலிருந்து சீட்டு எடுத்தவன் ஊரைப் பார்த்து நின்று, சீட்டில் உள்ள தன் முறை எண்ணை மூன்று தடவை உரக்கக் கத்த வேண்டும். பிறகு சீட்டு குடத்துக்கே திரும்பிவிடும். அடுத்த வருஷத்துக்கும் அதே சீட்டுகள்தான். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டும் இருப்பார். சில வருஷங்களாக நான் போனில் படம் பிடித்து லேப்டாப்பில் போட்டு வைப்பதால், எழுதுகிறவர் எழுதுவதை விட்டுவிட்டார். வீடியோ இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்டதும் நான்தான்.

இந்தத் தடவை அதற்கும் மேலே போனேன். நாற்பது பேர், ஆளுக்கு மூன்று கத்தல் என்றால் ஃபைல் எவ்வளவு பெரிதாகும்! "ஒரு தடவை சொன்னாப் போதும், வீடியோல நல்லாவே கேக்கும்," என்றேன். எல்லோரும் சம்மதித்தார்கள். பாதி நேரத்தில் வேலை முடிந்தது. படித்த பையன் ஊரில் இருந்தால் எவ்வளவு சவுகரியம் என்று தலைவரே என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இப்போதும் வலிக்கிறது.

அப்போது முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரும் வழி அது. மழை வெள்ளம் வந்து அது திறக்கிற நாளிலிருந்துதான் முதல் எண்ணின் முறை தொடங்கும். எனவே எந்த எண் நல்ல எண் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது; யாரும் எண்ணைப் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை. நைனா சாப்பிடும்போது, "நமக்குப் பதினாலு," என்றார். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டேன்.

அடுத்த வாரம் லேப்டாப்பைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கல்யாணங்களைத் தொட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள். 'பாடு' என்ற ஃபோல்டர் கண்ணில் பட்டது. இதற்கு யார் ஆல்பம் கேட்டு வரப்போகிறார்கள்? அழித்தேன். லேப்டாப்பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். ட்ரிம்மை இயக்கி ஆப்டிமைஸ் கொடுத்தேன். கால் பங்கு காலியிடம் திரையில் பளிச்சென்று தெரிந்தது. அடுப்பைப் பற்றவைப்பதற்குள் லேப்டாப் வந்து நின்றது. அன்றைக்கு நான் டீயே குடிக்கவில்லை.

வெள்ளம் வந்தது, முகத்துவாரம் திறந்தது. நாட்களை எண்ணிப் பார்த்தபோது பதினாலாவது முறை சரியாக அமாவாசையில் விழுந்தது. கடல் நீரோட்டம் பலமாக இருக்கும் அமாவாசையன்று, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டக் கிடைப்பதென்றால் அது வருஷத்தின் நாள். நைனாவுக்கு எனக்குத் தெரிந்து ஒருமுறைகூட அது வாய்த்ததில்லை. மனிதர் விசிலடித்துக்கொண்டு வலைக்குக் கயிறு மாற்றினார். அவர் விசிலடிப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் அம்மாவின் தம்பி வாசலில் வந்து நின்றார். மாமனும் பாடு முறையில் இருக்கிறவர்தான். நைனாவைப் பார்த்துக் கேட்டார்.

"மாமா, பதினாலு என்னுதாச்சே? உன்னுது பத்தொம்போது."

"இன்னா மச்சான் பேசுறே? நான்தான் பதினாலு."

இரண்டு பேரும் பொய் பேசுகிறவர்கள் இல்லை. இரண்டு பேருக்கும் துளிச் சந்தேகமும் இல்லை. விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. அங்கே யாருக்கும் உறுதியாக நினைவில்லை. ஆனால் யாருக்கும் கவலையும் இல்லை. "நம்ம புள்ளதான் படம் புடிச்சிச்சே, போட்டுக் காட்டிட்டாப் போவுது. நாளைக்கு எடுத்தாரச் சொல்லு," என்றார் தலைவர். நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருமையான சிரிப்பு.

போனில் இருந்ததை லேப்டாப்பில் ஏற்றிய அன்றே அழித்திருந்தேன். வீட்டுக்கு ஓடி, அழித்ததை மீட்கும் மென்பொருள்கள் மூன்றை இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. சாதாரணமாக ஒரு ஃபைலை அழித்தால் கடையின் பெயர்ப் பலகையைத்தான் கழற்றுகிறோம். சரக்கு உள்ளேயே கிடக்கும். ட்ரிம் சரக்கையும் வாரிக் கொட்டி அறையைக் கழுவிவிடும். கடைசி முயற்சியாக, சென்னையில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவருக்குப் போன் போட்டேன்.

"ட்ரிம் ஆன்ல இருந்துச்சா சார்?"

"ஆமாங்க. நானேதான் போட்டேன்."

"நல்ல பழக்கம் சார்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு வருஷம் நான் முட்டாளாக இருந்தேன். அந்த முட்டாள்தனம் இன்னும் ஒரு மாதம் நீடித்திருந்தால் நைனாவின் பதினாலு பிழைத்திருக்க வழியுண்டு. திருந்தித்தான் கெடுத்தேன்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று அழித்துவிட்டதைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நைனா வீட்ல அன்னைக்கே பதினாலுன்னு சொன்னாரு," என்றேன். "மகன் சாட்சி செல்லாதுப்பா," என்றார் தலைவர், மெதுவாகத்தான். பதினாலு, பத்தொன்பது என்று இரண்டு சீட்டுகளை மட்டும் குடத்தில் போட்டார்கள்.

மாமன் எடுத்தார். பதினாலு. மூன்று தடவை கத்தினார். பழைய வழக்கம் சொல்லாமலே திரும்பி வந்திருந்தது. நைனா மிச்சமிருந்த சீட்டை எடுத்தார். அதைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் பிரித்துப் பார்த்துவிட்டு, "பத்தொம்போது," என்று கத்தினார். மறுபடி கத்தினார். மூன்றாவது தடவை ஊரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கத்தினார்.

அமாவாசையன்று காலையில் மாமன் வீட்டுக் கூடைகள் எங்கள் வாசல் வழியாகவே போயின. இறால் நிறைந்து, மேலே சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். நைனா புதுக் கயிறு போட்ட வலைமேல் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "தப்புதான் நைனா," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார்.

"காலியா வுடணும்னு ஒரு எடம் சொன்னியே. அதுல இப்போ இன்னா வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல நைனா. காலியாத்தான் கீது."

"நம்ம பதினாலுக்கு அதுல எவ்ளோ எடம் தேவப்பட்டிருக்கும்?"

நைனா சீட்டு எடுத்தது, ஒரே ஒரு கத்தலோடு, பத்து வினாடி. இவ்வளவுதான் என்று கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன்.

அவர் அந்த நகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, நனையாத அந்த வலையை உதறிக் காயப்போடப் போனார்.